புதுப்பிப்பு: கம்ப்ரசர் பின் சீட்டுக்கு அடியில் போய்விட்டது

என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியில், டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் ஏர் கம்ப்ரசரை எங்கே பொருத்தலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பானட்டுக்குள் வேண்டாம், சூடு தாங்காது என்றவர்கள் சொன்னதுதான் சரி. அங்கே வைத்துப் பார்த்தேன். மூன்றாவது டயரிலேயே சூடேறித் தானாக நின்றுவிட்டது.

இப்போது பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. 3 மி.மீ. இரும்புத் தகட்டில் பிராக்கெட், அதிர்வுக்கு ரப்பர் புஷ். பேட்டரியிலிருந்து தனியாகத் தடிமனான வயர், ரிலே (சிறு சுவிட்சால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சாதனம்). ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்; வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டியைக் காப்பாற்றுவது அதுதான். அப்புறம், கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று ரொம்பச் சூடாக இருக்கும், அங்கே ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டேன்.

ஞாயிறன்று மணலில் புதையாமலிருக்க டயர் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி ஓட்டிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி நான்கு டயரையும் 32க்கு ஏற்றினேன். கம்ப்ரசர் ஒருமுறைகூட நிற்கவில்லை. சத்தம் மட்டும் கேபினுக்குள் அதிகம். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.