பாட்டு நம் பையன்களைக் கெடுக்கிறதா?

தாமிரபரணி:
என் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். நேற்று நண்பர்களோடு உட்கார்ந்து, “வேண்டாம்னு சொன்னா விடாம சுத்தணும், அப்பதான் மடங்குவா” என்றான். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவன் காதில் எப்போதும் ஹெட்போன்தான்.

2006ஆம் ஆண்டு பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவன ஆய்வு ஒன்று வந்தது. 12 முதல் 17 வயது வரையுள்ள 1,461 பேரிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பெண்ணை வெறும் உடம்பாகவும், ஆணை அடங்காத காளையாகவும் காட்டும் பாடல்களை அதிகம் கேட்டவர்கள், மற்றவர்களைவிடச் சீக்கிரமே உடலுறவைத் தொடங்கியிருந்தார்கள். இழிவில்லாத காமப் பாடல்களுக்கு அந்தத் தொடர்பு இல்லை. ஆக, காமம் இங்கே பிரச்சினையே இல்லை, இழிவுதான் பிரச்சினை.

செம்மண்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம் இல்லையா? ஏற்கெனவே அந்த வழியில் போகிற பையன்தான் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்கிறான். அப்புறம், பாட்டால் நல்லதும் நடந்திருக்கிறது. சால்ட் அண்ட் பெப்பா என்ற அமெரிக்கப் பெண்கள் ராப் குழு 1991இல் செக்ஸைப் பற்றி வெளிப்படையாகப் பாடிய ஹிட் பாடலையே, அடுத்த ஆண்டு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக வரிகளை மாற்றிப் பாடினார்கள். டி.எல்.சி என்ற இன்னொரு அமெரிக்கப் பெண்கள் குழுவின் பாடகி லிசா லோபஸ் மூக்குக் கண்ணாடியில் ஆணுறையை ஒட்டிக்கொண்டு மேடையேறினார். நம் நாட்டிலேயே 2008இல் ‘காண்டம் காண்டம்’ என்று பாடும் ரிங்டோனை வெளியிட்டார்கள், ஆண்கள் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லட்டும் என்று.

தாமிரபரணி:
நல்லதுக்கு வேலை செய்கிற பாட்டு, கெட்டதுக்கு மட்டும் வேலை செய்யாதா? ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியாது. அமெரிக்க ராப் பாடகர் ஈஸி-ஈ பெண்களை இழிவாகப் பாடியதெல்லாம் வீரமாகக் கொண்டாடப்பட்டது. 1995 மார்ச் 16 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்தார். பத்தே நாளில் இறந்துபோனார்.

வைகறை:
நான் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் தினமும் பேசுகிறேன். அடையாளம் தெரியாதபடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

இருபது வயதைத் தாண்டியவர், கட்டட வேலை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்தார். “நரம்புத் தளர்ச்சியா? ஆண்மைக் குறைவா?” என்று பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் ஒட்டியிருப்பார்களே, அதுதான். லாட்ஜுக்குப் போய் லேகியம் வாங்கிச் சம்பளம் முழுவதையும் தொலைத்திருந்தார். அவருக்கு உண்மையில் இருந்தது சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ். மூன்று வாரமாக! ரூம்மேட்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஆம்பளைங்க இதையெல்லாம் பேச மாட்டாங்க சார்” என்றார்.

அவர்கள் அறையில் இரவெல்லாம் ஓடுகிற குத்துப்பாட்டுகளில் வருகிற ஆணுக்கு எல்லாம் தெரியும், எதற்கும் பயமில்லை. “எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது” என்று சொல்கிற ஆணை அந்தப் பாட்டுகளில் நான் கேட்டதில்லை.

செம்மண்:
சார், நீங்கள் சொன்னதில் குற்றவாளி லேகியக்காரர்தானே? அதற்கும் முன்னால், பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை “நீங்களே படிச்சுக்குங்க” என்று தாண்டிப்போன வாத்தியார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. நாற்பது பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம். அந்தக் காலியிடத்தில்தான் பாட்டு வந்து உட்கார்ந்தது. பாட்டை நிறுத்தினாலும் இடம் காலியாகத்தான் இருக்கும்.

வைகறை:
நிறுத்தச் சொல்லவில்லை தம்பி. லேகியக்காரர் பயத்தை விற்கிறார், சரி. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று பழக்கியதில் பாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்கிறேன். வாத்தியார் ஒரு பீரியட் பேசாமல் போனார். பாட்டு தினமும் பேசுகிறது.

செம்மண்:
பங்கு இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன். முதல் காரணம் என்றால் இல்லை. அந்தப் பையன் என்ன ஆனார்?

வைகறை:
பால்வினை நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். மாத்திரையில் சரியாகிவிட்டது, எச்.ஐ.வி. இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். கூடவே ரூம்மேட் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அவரிடமும் அதே நோட்டீஸ் இருந்தது.