ஹைட்ராலிக் ஆயில்: எச்எம் 68 ஊற்றலாமா, எச்வி 46 ஊற்றலாமா?

வணக்கம். பழைய லோடர் ஒன்றுக்கு ஹைட்ராலிக் ஆயில் மாற்ற வேண்டும். கியர் பம்ப், நாள் முழுக்க வெயிலில் ஓடும் வண்டி. கையேட்டில் "எச்எல்பி 46" என்று மட்டும் இருக்கிறது. கைக்குக் கிடைப்பதோ எச்எம் 68, எச்வி 46 இரண்டும்தான்.

எனக்குப் புரிந்த வரை, 46 என்பது 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது), சென்டிஸ்டோக்ஸ் கணக்கில். பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். இன்ஜின் ஆயில் டின்னில் போடும் 40, 50 வேறு கணக்கு. எச்எல்பி என்பது ஜெர்மனியின் டிஐஎன் (DIN) 51524 தரத்தில் வரும் பெயர். ஐஎஸ்ஓ முறையில் அதற்கு ஏறக்குறைய இணை எச்எம். இரண்டிலும் தேய்மானத் தடுப்புச் சேர்மானம் உண்டு. எச்வி-யில் கூடுதலாக, சூடு ஏறினாலும் பாகுநிலை அவ்வளவாக இறங்காது.

அப்படியென்றால் எச்வி 46 போதும் என்றே தோன்றுகிறது. ஆனால் மெக்கானிக் அண்ணன் "வெயிலுக்கு 68தான்" என்கிறார். அனுபவசாலி, சும்மா தள்ளிவிட முடியவில்லை. 68 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் ஆயிலை இழுக்கத் திணறுமா? தொட்டிச் சூடு எவ்வளவு போனால் 68-க்கு மாறுவது நியாயம்?

அப்புறம், எச்வி கேனில் "ஜிங்க் இல்லாதது" என்று போட்டிருக்கிறது, அதாவது தேய்மானத் தடுப்புச் சேர்மானத்தில் துத்தநாகம் கிடையாது. உள்ளே இருப்பது ஜிங்க் சேர்த்த ஆயில். கலந்தால் கசடு கட்டி ஃபில்டர் அடைக்கலாம் என்கிறார்கள். தொட்டியை வடித்தாலும் சிலிண்டரிலும் ஹோஸிலும் நிற்பது போகாதே! இப்படி மாற்றியவர்கள் எப்படி ஃப்ளஷ் செய்தீர்கள், ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.