மகன் செத்துவிட்டான் என்று எதிரியே சொல்லி அனுப்பினால்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தொடங்கியவர்: ஸ்மோலென்ஸ்க் டாக்டர்

2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் மருத்துவம் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நானும் திருச்சிப் பையன் ஒருவனும் வெளியே வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். கீழ்வீட்டில் ஒரு பாட்டி. அவருடைய பேரன் ஒப்பந்த வீரன். பிப்ரவரியில் பெலாரூசுக்குப் பயிற்சி என்று சொல்லிப் போனவன், அப்புறம் போனே செய்யவில்லை.

ஒரு நாள் மாலை பாட்டி எங்கள் கதவைத் தட்டினார். கையில் மகளுடைய செல்பேசி. விகே என்ற ரஷ்யச் சமூக வலைத்தளத்தில் முன்பின் தெரியாத கணக்கிலிருந்து ஒரு படமும் அதன் கீழே இரண்டு வரியும் வந்திருந்தன. இதுதான் உன் மகன், வந்து அள்ளிக்கொண்டு போ என்பதுதான் அதன் சாரம். படத்தைப் பார்த்த மகள் மயங்கி விழுந்துவிட்டாராம். "நீ டாக்டருக்குப் படிக்கிறவன், நீ பார். நான் பார்க்க மாட்டேன்" என்று செல்பேசியை நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பார்த்தேன். சேற்றில் கிடந்த ஓர் ஆள். பிணவறையில் நின்றவர்களுக்குத் தெரியும், இறந்த முகம் உயிரோடு இருந்தபோது பார்த்த முகமாக இருக்காது. புத்தாண்டு அன்று அந்தப் பையனோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன். அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்றேன். "தெரியவில்லை என்றால் அவன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரலில் பேரன் பெல்கொரோடில் ஒரு மருத்துவமனையிலிருந்து போன் செய்தான். காலில் காயம், உயிருக்கு ஆபத்தில்லை. பாட்டி எங்களுக்கு அப்பம் சுட்டுக் கொண்டுவந்தார். சாப்பிட்டோம். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தில் இருந்தவனுக்கும் ஒரு வீடு இருக்குமே, அங்கே யார் சொன்னார்கள்?

இது யாரோ ஒரு விஷமி செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உக்ரைன் போர் தொடங்கிய சில நாளிலேயே உக்ரைன் உள்துறை அமைச்சரின் ஆலோசகர் விக்டர் ஆந்த்ரூசிவ், ரஷ்யக் குடும்பங்களுக்காக ஓர் இணையதளத்தையும் டெலிகிராம் சேனலையும் அறிவித்திருந்தார். பிடிபட்டவர்கள், இறந்தவர்கள் என்று படங்களும் காணொளிகளும் அதில் வந்தன. தளத்தின் பெயரே 200 என்ற எண்ணில்தான் தொடங்கும். வீரர்களின் சடலத்தை ஊருக்கு அனுப்புவதற்கு சோவியத் காலத்திலிருந்து ராணுவத்தில் வழங்கும் எண் அது. ரஷ்ய அரசு தளத்தை முடக்கியது.

மார்ச்சில் அமெரிக்காவின் கிளியர்வியூ ஏஐ நிறுவனம் தன் முக அடையாளத் தேடலை உக்ரைனுக்கு இலவசமாகக் கொடுத்தது. விகே-யிலிருந்து மட்டும் 200 கோடிப் படங்கள் தங்களிடம் இருப்பதாக அதன் தலைவர் சொன்னார். சடலத்தின் முகத்தைத் தேடி, கணக்கைக் கண்டுபிடித்து, உறவினருக்குச் செய்தி அனுப்புவது. உக்ரைனின் தன்னார்வ ஹேக்கர் குழு இப்படி 582 குடும்பங்களுக்குத் தெரிவித்ததாகச் சொன்னதை ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. எங்கள் கீழ்வீட்டுக்கு வந்தது அந்த வழியாகவா, தனியாள் வேலையா, தெரியாது. வேறு யாருக்காவது இப்படி நேரடியாகப் பார்த்த அனுபவம் உண்டா?

கார்கிவ் மாணவி

அண்ணா, நான் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். கார்கிவில் நான்காம் ஆண்டு. பிப்ரவரி 24 முதல் மெட்ரோ நிலையத்தில்தான் படுக்கை. மார்ச் 1 அன்று சாப்பாட்டுக்காக வெளியே போன கர்நாடகப் பையன் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். மறுநாள் உடனே நகரத்தை விட்டு வெளியேறுங்கள், நடந்தாவது போங்கள் என்று தூதரகம் சொன்னது. நகருக்கு வெளியே இருக்கும் பிசோச்சின் வரைக்கும் நடந்தே போனோம்.

மெட்ரோவில் என் பக்கத்தில் படுத்திருந்தவள் என் உக்ரைன் வகுப்புத் தோழி. அவளுடைய பெரியம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில். 'உங்கள் ஊரில் குண்டே விழவில்லை, டிவியில் சொன்னார்களே' என்று அந்த அம்மா போனில் சொன்னதை நான் காதால் கேட்டேன். தோழி போனை மேலே தூக்கிப் பிடித்து வெடிச்சத்தத்தைக் கேட்க வைத்தாள். அப்புறம் அவள் டெலிகிராமில் கிடைத்த ரஷ்யக் குடும்பங்களின் எண்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தாள். உங்கள் பிள்ளை இங்கே இருக்கிறான், கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் அழுதார். ஒரு அம்மா மட்டும், மகன் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லி, கைதிகள் பட்டியலில் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இவள் ராத்திரி முழுக்கத் தேடினாள்.

அதை உளவியல் போர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுடைய சொந்த அரசு, ரஷ்ய அரசு, என்ன சொன்னது? 2022 மார்ச் 2-இல் 498 பேர் இறந்ததாகச் சொன்னது. மார்ச் 25-இல் 1,351. அடுத்த எண் செப்டம்பரில்தான் வந்தது, 5,937. அமைதிக் காலத்தில் நடக்கும் சிறப்பு நடவடிக்கைகளில் வீரர்கள் இறந்தால் அதுவும் ராணுவ ரகசியம் என்று 2015-லேயே புதின் ஆணை போட்டிருந்தார். அந்தப் பெற்றோருக்கு எதிரியை விட்டால் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

சிற்றலை ரசிகர்

இரண்டு பேருடையதையும் படித்தேன். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சின்ன வயதிலிருந்தே சிற்றலை வானொலிப் பைத்தியம். வெளிநாட்டு ரசிகர்களோடு கடிதப் போக்குவரத்து உண்டு. அப்படி ஓர் அமெரிக்க நண்பர், தன் பாட்டி வீட்டில் ஒரு டப்பாவில் கிடந்த தபால் அட்டைகளின் நகலை எனக்கு அனுப்பினார். எல்லாம் 1944-ஐ ஒட்டியவை. எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள், அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். எல்லா அட்டையிலும் விஷயம் ஒன்றுதான்: உங்கள் மகன் ஜெர்மனியில் கைதியாக உயிரோடு இருக்கிறான், நேற்றிரவு பெர்லின் வானொலியில் கேட்டோம்.

பெர்லின் செய்தது சுத்தமான தந்திரம். கைதியின் பெயர், எண், வீட்டு முகவரி எல்லாவற்றையும் பிரச்சாரத்துக்கு நடுவே வாசித்தார்கள். பையன் பெயர் வருமா என்று காத்திருக்கிற தாய் பிரச்சாரத்தையும் சேர்த்துத்தானே கேட்க வேண்டும்? கைதிகளின் குரலைப் பதிவு செய்யப் போன பெர்லின் வானொலியின் அமெரிக்க அறிவிப்பாளர் மில்ட்ரெட் கில்லர்ஸ், செஞ்சிலுவைச் சங்கத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு போனார். போருக்குப் பின் 1949-இல் தேசத்துரோக வழக்கில் சிறைத்தண்டனை பெற்றார். அமெரிக்க அரசும் அந்த ஒலிபரப்பை ஒட்டுக்கேட்டு, இது எதிரி சொன்னது, இன்னும் உறுதியாகவில்லை என்று குறிப்பிட்டுக் குடும்பங்களுக்குத் தந்தி கொடுத்தது. இதற்கு நடுவில் இந்த ரசிகர்கள் பிரச்சாரத்தை உதறிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்து, தன் காசில் அட்டை வாங்கி அனுப்பினார்கள். உன் தோழி ராத்திரி முழுக்கத் தேடியதும் இந்த வகைதான் அம்மா.

ஆனால் பிரிட்டன்காரர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். செஃப்டன் டெல்மர் என்பவர் அவர்களுடைய கறுப்புப் பிரச்சாரப் பிரிவை, அதாவது ஜெர்மன்காரர்களே சொல்வது போல் போலியாகச் செய்யும் பிரச்சாரத்தை, நடத்தியவர். ஜெர்மன் ராணுவ மருத்துவமனைகளிலிருந்து இறப்புச் செய்தி ஊர் நாஜிக் கட்சிக்காரர்களுக்கு வானொலித் தந்தியாகப் போகும், சங்கேதம் இல்லாமல். அதில் குடும்பத்தின் முகவரி இருக்கும். அதை வைத்து மருத்துவமனைத் தாளில் நர்ஸோ கூட்டாளியோ எழுதியது போல் போலிக் கடிதம் தயாரித்தார்கள். உங்கள் மகன் சாகும்போது தங்கக் கடிகாரத்தைக் கட்சி அதிகாரியிடம் ஒப்படைத்தான், வந்து சேர்ந்ததா என்று கேட்பது போல ஒரு வகை. பிழைக்க மாட்டான் என்று டாக்டரே விஷ ஊசி போட்டுவிட்டார் என்று இன்னொரு வகை. எதிரே நாஜி அரசு என்பதை மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் ஒரு வீட்டில் எத்தனை வருஷம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த பிறகு யாராவது போய் அது பொய் என்று சொன்னார்களா?

ஸ்மோலென்ஸ்க் டாக்டர்

ஐயா, அந்த அட்டைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. நன்றி. கார்கிவ் தங்கைக்கு: அந்தப் பெற்றோருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977 முதல் கூடுதல் நெறிமுறை, 32-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: உறவினரின் கதி என்ன என்று அறிவது குடும்பத்தின் உரிமை. அதற்கு ஏற்பாடும் உண்டு. பிடித்த நாடு கைதியின் விவரத்தைத் தன் தகவல் அலுவலகம் வழியாகச் செஞ்சிலுவையின் தேடல் நிறுவனத்துக்குக் கொடுக்கும், அங்கிருந்து அவன் நாட்டுக்குப் போகும். எதிரி சொல்வது தவறு இல்லை, சொல்ல வேண்டியதே எதிரிதான்.

எனக்கு ஆகாதது அந்தச் செய்திக்கு விலை வைப்பது. படத்தைப் பார், அழு, தெருவில் இறங்கிப் போராடு, அப்போதுதான் மகன் என்கிற மாதிரி. 2022 மார்ச் தொடக்கத்தில் உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகம், கைதிகளின் தாய்மார் கீவுக்கு வந்து மகனைக் கூட்டிப்போகலாம் என்றது. முதல் செச்சென் போரிலும் ரஷ்யத் தாய்மார் செச்சென்யாவின் தலைநகர் குரோஸ்னிக்கே போய்ப் பிள்ளைகளை மீட்டார்கள். தாயிடம் மகனைக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேமரா முன் உட்காரவைத்து அம்மாவிடம் பேசச் சொல்வது வேறு. கைதிகளை அவமதிப்பிலிருந்தும் கூட்டம் வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது மூன்றாம் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அந்த மார்ச்சிலேயே இப்படிக் காட்டுவதை நிறுத்தச் சொல்லி உக்ரைனிடம் கேட்டது.

ரஷ்யத் தரப்பு செய்ததை வைத்தால் இதெல்லாம் சின்னது என்பீர்கள். உண்மைதான். அமெரிக்க ராணுவ கர்னல் லியாம் காலின்ஸ் 2018-இல் எழுதியது எனக்குத் தெரிந்ததிலேயே கொடூரமானது. கிழக்கு உக்ரைனில் முதலில் உக்ரைன் வீரர்களுக்கு, நீங்கள் சூழப்பட்டுவிட்டீர்கள் என்று குறுஞ்செய்தி வரும். சில நிமிடத்தில் வீட்டுக்கு, உங்கள் மகன் போரில் இறந்துவிட்டான் என்று வரும். பதறிப்போய் வீட்டில் இருப்பவர்கள் மகனைக் கூப்பிடுவார்கள். செல்பேசிகள் கூட்டமாகத் தெரிகிற இடத்தில் பீரங்கிக் குண்டு விழும். அம்மாவின் பதற்றத்தை வைத்தே குறி பார்ப்பது. இதைக் கெடுதல் என்று சொல்ல எந்தச் சட்டப் புத்தகமும் வேண்டாம். ஆனால் இதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நாம் சுத்தம் என்றால், அந்த அளவுகோல் எனக்கு வேண்டாம்.

கார்கிவ் மாணவி

சரி அண்ணா, படத்தோடு வந்த அந்த இரண்டு வரியை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் படமே இல்லாமல் சொன்னால் நம்புவார்களா? என் தோழியை எத்தனை பேர் பொய்க்காரி என்றார்கள் தெரியுமா?

ஸ்மோலென்ஸ்க் டாக்டர்

படத்தோடு சொன்னபோதும் எங்கள் பாட்டி நம்பவில்லையே. நம்பாததுதான் சரியாகவும் போனது. பிறந்த தேதி, கழுத்து வில்லையின் எண், படைப்பிரிவு, இவை கிடைத்தால் அதைச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் முகத்தை வைத்து ஊகிப்பதைவிட, உடலைக் குளிர்பதனத்தில் வைத்து மரபணு மாதிரி எடுப்பதே மேல். 2022-லேயே கீவ் பக்கம் குளிர்பதன ரயில் பெட்டிகளில் ரஷ்யச் சடலங்களை வைத்திருந்தார்கள். 2025-இல் இரு நாடுகளும் நடத்திய இஸ்தான்புல் பேச்சுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான உடல்கள் கைமாறின. அந்த வழி மெதுவானது. வருஷக்கணக்கில் இழுக்கும். உன் தோழிக்குப் போனில் கிடைத்த அந்த அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்குமா, அது எனக்குத் தெரியாது. அந்தப் பையன் பட்டியலில் இருந்தானா?

கார்கிவ் மாணவி

இல்லை. 'இல்லை' என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.