ஒரே ஸ்ட்ரைக்கில் கால் ஐவி 11, புட் ஐவி 15: எதை நம்புவது?

கேள்வி: பகலில் வேலை என்பதால் நிஃப்டி ஆப்ஷன் (நிஃப்டி குறியீட்டைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலைகளை மாலையில்தான் பார்க்க முடிகிறது. ஒரே ஸ்ட்ரைக்கில், அதாவது ஒரே குறித்த விலையில், கால் (வாங்கும் உரிமை) ஐவி 11, புட் (விற்கும் உரிமை) ஐவி 15 என்று காட்டுகிறது. ஐவி என்பது ஆப்ஷன் விலையிலிருந்து சூத்திரம் போட்டு எடுக்கும், சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்க சதவீதம். அடுத்த மாத எக்ஸ்பைரியில் (ஒப்பந்தம் முடியும் நாள்) இன்னும் மோசம். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: முதலில் கடைசி வர்த்தகம் எப்போது நடந்தது என்று பாருங்கள் சார். நிஃப்டியின் நிலையிலிருந்து தூரத்து ஸ்ட்ரைக்கில் அது காலை 11 மணி விலையாக இருக்கலாம், நிஃப்டியோ 3.30 மணி நிலவரம். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. சந்தை நேரத்தில், மதியச் சாப்பாட்டு இடைவேளையிலாவது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ளதை எடுங்கள். வாங்கும் விலை 40, விற்கும் விலை 60 என்று இடைவெளி விட்டுத் தொங்கும் ஸ்ட்ரைக்கை நான் தொடவே மாட்டேன்.

கேட்டவர்: சரி சார். ஆனால் நன்றாக ஓடும் ஸ்ட்ரைக்கிலும் கால், புட் ஐவி ஒத்துப்போகவில்லையே?

இன்னொருவர்: அது பெரும்பாலும் வட்டிக் கோளாறு. மென்பொருள் அமைப்பில் வட்டி 10 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். வட்டியைக் கூட்டிப் போட்டால் கால் ஐவி இறங்கும், புட் ஐவி ஏறும். நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, அதாவது எக்ஸ்பைரி அன்று மட்டுமே உரிமையைப் பயன்படுத்தலாம்; ஸ்பாட்டுக்கு (நிஃப்டியின் இப்போதைய நிலை) பதில் அதே எக்ஸ்பைரியின் ஃப்யூச்சர்ஸ் (முன்கூட்டிய ஒப்பந்தம்) விலையைக் கொடுத்து, வட்டியைப் பூஜ்ஜியமாக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.