அம்மாவின் கூனுக்குக் காரணம் கொழுந்துக் கூடை இல்லை

இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம் எங்கள் ஊர். கூடை சுமந்தவர்கள் வயதானதும் கூனுவதை எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யாரும் நோயாக நினைப்பதில்லை. மேல்தட்டில் இருக்கும் டின் எட்டவில்லை என்று அம்மா சொன்னபோதும், "வயசு போனா முதுகு வளையாம என்னடா செய்யும்?" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் தண்ணீர் வாளியைத் தூக்கியதும் முதுகு பிடித்துக்கொண்டது. எண்ணெய் தடவியும் வலி விடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முள்ளந்தண்டு எலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. ஒரு வாளியைத் தூக்கி எலும்பு நசுங்கினால் அது பெரும்பாலும் எலும்புப்புரைதான், அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்து அது பலவீனமாகும் நோய், என்றார் டொக்டர். கூடை சுமந்ததால் இது வராது. அம்மாயிக்கு இடுப்பு முறிந்ததும், அம்மாவுக்கு 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதும்தான் அவர் கவனித்த விஷயங்கள்.

கண்டியில் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். ஊசி இல்லை, வலி இல்லை, சும்மா படுத்திருந்தால் போதும். எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினருடையதோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் என்று ஓர் எண் தருகிறார்கள். -1 வரை பயமில்லை, -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அம்மாவுக்கு -3.1. கல்சியம், விட்டமின் டி, சிறுநீரகம், தைரொய்ட் எல்லாவற்றுக்கும் இரத்தம் சோதித்தார்கள். மருந்து தொடங்கும் முன் பல்லையும் காட்டச் சொன்னார்கள்.

மருந்து அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு குளிசை. இங்கேதான் எங்கள் ஊர் ஆட்களுக்குச் சிக்கல். விடிந்ததும் தேத்தண்ணி இல்லாமல் யாருக்குப் பொழுது விடியும்? ஆனால் இந்தக் குளிசையை வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு மட்டும்தான் விழுங்க வேண்டும். பிளேன்டீ குடித்தால்கூட மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அம்மா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். குளிசை போட்டு முற்றத்தில் நடப்பார், அரைமணி கழித்துத்தான் அடுப்பு மூட்டுவார். கல்சியம் மாத்திரை பகல் சோற்றோடு.

மருந்து ஒரு பக்கம், விழாமல் இருப்பது இன்னொரு பக்கம். மழைக்காலத்தில் லயத்துப் படியில் பாசி பிடிக்கும். அதைச் சுரண்டி, பக்கத்தில் ஒரு குழாயைப் பிடிமானமாக அடித்தோம். என்னைக் கேட்டால் ஸ்கேனைவிட இது முக்கியத்தில் குறைந்ததில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உயரத்தையும் அளந்து பாருங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முள்ளந்தண்டு எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள்.

சித்திக்குக் குளிசை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு டெனோசுமாப் ஊசி, 6 மாதத்துக்கு ஒரு தடவை. இதை நினைத்தபடி நிறுத்தினால் முள்ளந்தண்டு எலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம். டொக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார். மண்சரிந்து பாதை அடைபடும் மாதத்தில் தவணை வந்தால், சித்தி முன்கூட்டியே கண்டியில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.