டிக்கெட்ல அம்மா பேரு வேற மாதிரி இருக்கு, அவசரம்!

சித்திரை_வெயில்:
அடுத்த வியாழன் கிளம்பறோம். டிக்கெட்ல அம்மா பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி இல்ல. ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்களா? விசா வந்தாச்சு, ஹோட்டலுக்கும் காசு கட்டியாச்சு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வைகைக்கரை:
எந்த நாடு? எழுத்துப்பிழையா, சர்நேம் (குடும்பப் பெயர்) விவகாரமா? டிக்கெட் விமான நிறுவனத்திடமே எடுத்ததா, வேற தளத்துலயா? இதெல்லாம் தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

மலைக்கோட்டை:
சர்நேமாத்தான் இருக்கும். தட்கல்ல பாஸ்போர்ட்டை மாத்திடுங்க. 36 பக்கப் புத்தகத்துக்கு 3,500 ரூபாய்.

நெய்தல்:
வேண்டவே வேண்டாம்! விசா வந்தாச்சுன்னு எழுதியிருக்காங்களே. புதுப் புத்தகம்னா எண் மாறும். மின்விசான்னா அது பழைய எண்ணுக்குக் கொடுத்தது, மறுபடி முதல்லேர்ந்து விண்ணப்பிக்கணும். திருத்த வேண்டியது டிக்கெட்டை.

பழைய_பயணி:
தம்பி, பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்ப்பதில்லையா? புகைப்படப் பக்கத்தின் அடியில் கோணக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். கவுன்ட்டர் இயந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரியில் இரட்டைக் கோணக்குறிக்கு முன்னால் இருப்பது சர்நேம், பின்னால் இருப்பது கிவன் நேம், அதாவது சொந்தப் பெயர். டிக்கெட்டை அந்த வரியோடு ஒப்பிட்டுவிட்டு வா.

சித்திரை_வெயில்:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். சிங்கப்பூர். பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, கிவன் நேம்ல அம்மா பேரு மட்டும். புக்கிங் தளத்துல லாஸ்ட் நேம் கட்டாயம்னு கேட்டுச்சு, அப்பா பேரைப் போட்டுட்டேன். கடைசிப் பக்கத்துல கணவர் பேருன்னு அப்பா பேரு இருக்கே, அது போதாதா?

வைகைக்கரை:
போதாது, அந்தப் பக்கத்தை இயந்திரம் படிக்காது. துபாய்னா இன்னும் சிக்கல், 2022 நவம்பர்லேர்ந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்துல தனிக் கட்டுப்பாடே இருக்கு. உங்களுக்கு டிக்கெட் மட்டும்தான் பிரச்சினை.

முதல்ல புக்கிங் தளத்துக்குப் போன் போடுங்க. விமான நிறுவனத்தைக் கூப்பிட்டா பெரும்பாலும் அங்கேயே திருப்பி அனுப்புவாங்க. "நேம் சேஞ்ச்"னு சொல்லாதீங்க, ஆளையே மாத்தறதா நினைச்சு முடியாதும்பாங்க. "நேம் கரெக்‌ஷன், பாஸ்போர்ட்ல சர்நேம் இல்ல"ன்னு சொல்லி, முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா மூணையும் மெயில் பண்ணுங்க. ஒற்றைப் பெயரை எப்படிப் போடணும்ங்கறது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் ரெண்டு இடத்துலயும் அதே பெயர் கேட்பாங்க, சிலர் லாஸ்ட் நேம்ல மட்டும். அவங்களையே கேட்டு எழுதிக்குங்க. வாய்ச்சொல்லை நம்பாதீங்க, புது இ-டிக்கெட் கைக்கு வரணும். வந்ததும் விமான நிறுவனத் தளத்துல பிஎன்ஆர் போட்டுப் பாருங்க. மறுபடி டிக்கெட் போடும்போது சீட்டும் சாப்பாடும் கழண்டுபோகலாம்.

மலைக்கோட்டை:
எஃப்என்யூன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், முதல் பெயர் தெரியாது) போட்டா போதுமே?

நெய்தல்:
அது அமெரிக்க விசால, கிவன் நேம் இல்லாதவங்களுக்கு அவங்களே அச்சடிக்கறது. விமான நிறுவனம் கேட்காம நாமாப் போட்டா இன்னொரு தப்பு.

மலைக்கோட்டை:
சரி, அடுத்த தடவை புதுப்பிக்கும்போதாவது கணவர் பேரை சர்நேமாச் சேர்த்துடுங்க. தலைவலி விட்டுது.

நெய்தல்:
எதுக்கு? தலைமுறை தலைமுறையா வர்ற குடும்பப் பெயர் நம்மில் பலருக்குக் கிடையாது. இருக்கறது தகப்பன் பேரோட முதல் எழுத்து. சர்நேம்ல இன்னொருத்தர் பேரைப் போட்டா வெளிநாட்டுல அந்தப் பேரைச் சொல்லித்தான் அம்மாவைக் கூப்பிடுவாங்க. தன் பேரு தனக்கு இல்லாமப் போறது சின்ன விஷயமில்ல. ரெண்டு சொல் பேருன்னா அதையே பிரிச்சுக்கலாமே.

பழைய_பயணி:
உணர்ச்சி வேறு, விதி வேறு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். விரித்தால் அது தகப்பன் பெயர்தான்.

நெய்தல்:
விரிச்சு எழுதணும்னுதான் விதி. சர்நேம் கட்டத்துலதான் எழுதணும்னு இல்ல.

சித்திரை_வெயில்:
சரியாயிடுச்சு. புது டிக்கெட் வந்துச்சு, ரெண்டு இடத்துலயும் அம்மா பேரு. சீட் போயிடுச்சு, மறுபடி எடுத்தேன். நன்றி எல்லாருக்கும்.

வைகைக்கரை:
நல்லது. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குற நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்ள, குடிநுழைவுத் துறையோட சொந்தத் தளத்துல நிரப்புங்க. இலவசம், காசு கேட்டா அது வேற யாரோட தளமோ. அம்மா பெட்டியில வீட்டு மசாலா இருந்தா கேட்டுடுங்க. கசகசா அங்க போதைப்பொருள் துறையோட தடைப்பட்டியல்ல இருக்கு. அரைச்ச பொடியில சேர்ந்திருந்தாலும் எடுத்து வெச்சிட்டுப் போங்க.