புதுப்பிப்பு: இன்சுலின் போட்டாலும் டிரக் ஓட்டலாம், சான்றிதழ் கிடைத்துவிட்டது

இன்சுலின் ஆரம்பித்ததால் அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் டிரக் ஓட்டும் வேலை போய்விடுமா என்று கேட்டிருந்தேன். போகவில்லை. 2018 நவம்பருக்கு முன்பு இன்சுலின் போடுபவர்கள் ஓட்ட மத்திய அரசிடம் தனியாக விலக்கு வாங்க வேண்டியிருந்தது. இப்போது நம் சர்க்கரையைப் பார்க்கும் டாக்டரே எம்சிஎஸ்ஏ-5870 என்ற, இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கான மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பித் தருகிறார், அவர் கையெழுத்திட்ட 45 நாட்களுக்குள், ஓட்டுநர்களுக்கு மருத்துவத் தகுதிச் சான்றிதழ் தரும் பரிசோதகரிடம் நாம் போய்விட வேண்டும்.

முக்கியமானது சர்க்கரை அளக்கும் மீட்டர்தான். 3 மாத அளவுகள் தேதி, நேரத்தோடு அதிலேயே பதிவாகியிருக்க வேண்டும், நோட்டில் எழுதிவைத்தது போதாது, அதனால் இன்சுலின் தொடங்கும் அன்றே நினைவகம் உள்ள மீட்டர் வாங்கிவிடுங்கள். அப்புறம் கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள், விழித்திரை பாதிப்பு கடுமையாகிவிட்டால் தகுதி நிரந்தரமாகப் போய்விடும். சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதம். நடுவில் சர்க்கரை இறங்கி நினைவு தப்பினால், டாக்டர் மறுபடி பார்த்துச் சரி சொல்லும்வரை டிரக் ஓட்டக் கூடாது.